பாட்டுக் கட்டுகிற வேலை

பாட்டுக் கேட்டு வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் விஷயத்தைச் சொல்வார்கள். மீலாத் விழாவுக்கு ஒன்று, பாடசாலைப் பரிசளிப்புக்கு ஒன்று, ஹஜ்ஜுக்குப் போகிறவர்களை வழியனுப்ப ஒன்று, சம்மாந்துறையில் மருமகனுக்குக் கலியாணம் என்றால் அதற்கொரு வாழ்த்து. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நான் திருப்பிக் கேட்பது வேறு. யார் பாடுகிறார்? எங்கே நின்று பாடுகிறார்? கூட என்ன வாத்தியம்? இவற்றுக்குப் பதில் தெரியாமல் நான் பேனாவைத் தொடுவதில்லை.

காரணம் இருக்கிறது. பத்து வயதுப் பிள்ளைகள் ஒரு வகுப்பே மேடையில் நின்று பாடினால் வரியின் நடுவில் மூச்சு வாங்குவார்கள். மூச்சு வாங்கும் இடத்தில் ஒரு சொல் முடிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் சொல் இரண்டாக உடையும். அவர்களுக்கு மெட்டு மேல் ஸட்ஜத்தைத் தாண்டினால் பாட்டு கத்தலாகிவிடும். கலியாண வீட்டில் பந்தலுக்குக் கீழே மைக்கைப் பிடித்துத் தனியாகப் பாடுகிறவருக்கு இந்தக் கவலை இல்லை. அவருக்கு வேறு கவலை: சுற்றி நிற்பவர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள், சோற்றுச் சஹன் போய்க்கொண்டிருக்கும். அங்கே மெல்லத் தொடங்கும் பாட்டு யார் காதிலும் விழாது. முதல் சொல்லே உயரத்தில் பிடிக்க வேண்டும். விஷயம் ஒன்றாக இருந்தாலும் இடம் மாறினால் பாட்டு மாறும். இதை எனக்கு எந்தப் புத்தகமும் சொல்லித் தரவில்லை. கல்முனையிலிருந்து பொத்துவில் வரை இந்தக் கரையோர ஊர்களின் மேடைகள்தான் சொல்லித் தந்தன.

நான் பாட்டுக் கற்ற முதல் இடம் மேடையும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. என் மூத்தம்மா பின்வளவில் இருந்து பன்பாய் இழைக்கும்போது கவி படிப்பார். எங்கள் பக்கத்தில் கவி என்றால் நாலடிப் பாட்டு. வயற்காவலுக்கு வட்டைக்குப் போகிறவர்கள் இரவில் பரணில் இருந்து யானைக்கும் பன்றிக்கும் விழித்திருக்கப் பாடுவதும் அதுதான்; அடுத்த வயல் பரணிலிருந்து வேறொருவர் பதில் கவி எடுப்பதும் அதுதான். வீட்டுக்குள் பெண்கள் பாடுவதும் அதே கவி, வேறு குரலில்.

கவியில் தாளம் கிடையாது. உயரத்தில் ஒரு சுரத்தைப் பிடித்து, மெல்ல மெல்ல இறங்கி, அடியின் கடைசி எழுத்தை நீட்டி விடுவார்கள். அளவு மூச்சின் அளவுதான். சொல்லிலும் ஓர் ஒழுங்கு உண்டு. முன் இரண்டடியில் கச்சான் காற்றோ, வரம்பில் நிற்கும் கொக்கோ, குளத்துத் தாமரையோ வரும். கண்ணால் பார்க்கிற பொருள் அது. பின் இரண்டடியில்தான் மனசு வரும். மச்சான்மேல் கோபம், மச்சிமேல் ஆசை, வராத கடிதம், மறுத்துவிட்ட மாமி, எல்லாம் பின்பாதியில். முன்பாதியைக் கேட்கும்போதே பின்பாதிக்குக் காது தயாராகிவிடுகிறது.

நான் சிறுவனாக இருந்தபோது கூடப்பாடப் பார்த்து, மூன்றாம் அடியிலேயே மூச்சுத் தீர்ந்து நிற்பேன். மூத்தம்மா இழைப்பதை நிறுத்தாமலே சொல்வார்: "மனே, கவி படிக்கக்குள்ள மூச்சக் கொஞ்சம் மிச்சம் வெச்சிக்கணும். கடைசிச் சொல்லுக்குத்தான் அது தேவ." பிறகு கொழும்பில் பெரிய பாடகர்களுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன், அவர்கள் சொன்னவற்றில் இதைவிடப் பயன்பட்ட அறிவுரை எதுவும் நினைவில் இல்லை. இன்றும் ஒரு வரியை எழுதி முடித்ததும் அதன் கடைசிச் சொல்லைத்தான் முதலில் பாடிப் பார்க்கிறேன். மூச்சு அதைத் தாங்கவில்லை என்றால் வரி போய்விடும்.

கவியைத் தாளத்துக்குள் கொண்டுவருவது தனி வேலை. தமிழ் மொழித் தினப் போட்டிகளுக்குப் பாடசாலைகள் நாட்டார் பாடல் தயாரிக்கும். ஆசிரியர்கள் கவியை எடுத்துத் தபேலாவை வைத்து, தொடக்கத்திலிருந்தே நாலு எண்ணிக்கைக்குள் அடைத்துவிடுவார்கள். அப்போது கவியின் இறக்கம் போய்விடும், நீட்டல் போய்விடும், மிஞ்சுவது நாலு வரிச் செய்யுள். நிந்தவூர்ப் பிள்ளைகள் சிலரைப் பழக்கிய ஒரு தடவை வேறு வழி பார்த்தேன். முன் இரண்டடியை ஒரு பிள்ளை தாளமே இல்லாமல், பரணில் இருந்து கூப்பிடுவதுபோல் பாடட்டும். மூன்றாம் அடியின் முதல் எழுத்தில் றபான் விழட்டும். பின்பாதியை எல்லாரும் பாடட்டும் என்றேன். மனசு வரும் இடத்தில் தாளமும் வந்தது. பிறகு என் பாட்டுகள் பலவற்றுக்கு இதுவே அச்சாகிவிட்டது. தொடக்கம் தனிக்குரல், தாளம் இல்லை, கண்ணுக்குத் தெரியும் ஒரு பொருள். பிறகுதான் தாளமும் கூட்டமும்.

கூட்டத்தைப் பற்றி நான் கற்றது கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில். நாகூர் ஷாஹுல் ஹமீது வலியின் பெயரால் ஜமாதுல் ஆகிர் மாதத்தில் அங்கே கொடியேற்றம் நடக்கும், 12 நாள். அதை ஏற்காதவர்களும் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். அந்த விவாதத்துக்குள் நான் இங்கே போகவில்லை. காதால் கேட்டதை மட்டும் சொல்கிறேன். பக்கீர்மார் தாயிரா அடித்து பைத்து ஓதுவார்கள். முன்னே நிற்பவர் நீண்ட அடியைப் பாடுவார். சுற்றியிருப்பவர்கள் சின்ன அடி ஒன்றைத் திருப்பிச் சொல்வார்கள். முன்னவர் அடி ஒவ்வொரு தடவையும் மாறும். பதில் அடி மாறவே மாறாது. அதில் நாலைந்து எழுத்துக்கு மேல் இல்லை, மூன்று சுரத்துக்கு மேல் இல்லை. வெளியூரிலிருந்து அன்றைக்குத்தான் வந்தவரும் இரண்டாம் தடவையிலேயே சேர்ந்து பாடிவிடுவார்.

பல்லவி எப்படி இருக்க வேண்டும் என்பதை நான் அங்கே நின்று பிடித்துக்கொண்டேன். கூட்டத்துக்கான பாட்டென்றால் பதில் அடியைத்தான் முதலில் கட்டுவேன். அதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்றிடம் ஒரே ஒரு தடவை பாடிக் காட்டுவேன். திருப்பிப் பாடினால் சரி. தடுமாறினால், கூட்டமும் அதே இடத்தில் தடுமாறும். சரணத்தில் என் கெட்டித்தனத்தைக் காட்டலாம், பல்லவியில் அதற்கு இடமில்லை.

அடுத்து வந்தது வானொலி. எழுபதுகளில் எங்கள் ஊர்களில் பாட்டு எழுதுகிற எவருக்கும் கனவு ஒன்றுதான்: இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் முஸ்லிம் சேவையில் பெயர் சொல்லப்பட வேண்டும். பாட்டை நல்ல தாளில் பிரதி செய்து தபாலில் போடுவோம். பதில் வர மாதங்கள் ஆகும், வராமலும் போகும். ஒலிப்பதிவு கிடைத்தால் கல்முனையிலிருந்து பஸ்ஸில் மட்டக்களப்பு, அங்கிருந்து இரவு ரயிலில் கொழும்புக் கோட்டை.

ஒலிப்பதிவுக் கூடத்தில் எனக்குக் கிடைத்த பெரிய பாடம் குறைத்தல். அந்தக் கால இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் கொள்ளும். அந்தப் பழக்கம் வானொலிக்கும் தொற்றியிருந்தது. நாலு சரணம் எழுதிக்கொண்டு போனால் இரண்டுதான் நிற்கும். எந்த இரண்டு என்பதை வாத்தியக்காரர்கள் காத்திருக்கும்போதே தீர்மானிக்க வேண்டும். வயலின் வாசித்தவர் சிங்களவர். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் வாசிப்பதற்கு முன் இந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். சொன்னேன். உடனே இடையிசையின் கடைசிச் சுரத்தை மாற்றினார். பாட்டு எழுதியவனைவிட வேகமாக அவர் பாட்டுக்குள் போய்விட்டார் என்று தோன்றியது.

அங்கே தேநீர் நேரங்களில் கேட்ட கதைகளில் ஒன்று என்னை விடவே இல்லை. 1952இல் லக்னோவிலிருந்து இந்துஸ்தானி இசை அறிஞர் பண்டிட் ரத்தன்ஜங்கர் ரேடியோ சிலோனுக்கு அழைக்கப்பட்டு வந்து சிங்களப் பாடகர்களைத் தேர்வு செய்தார். சிங்கள இசை தன் நாட்டார் பாடலிலிருந்து வளர வேண்டும் என்பதும் அவர் சொன்ன கருத்து. லக்னோவிலேயே படித்துத் தேறிய சிங்களப் பாடகர் சுனில் சாந்த அந்தத் தேர்வுக்கு உட்கார மறுத்தார், வானொலியையும் இழந்தார். யார் பக்கம் நியாயம் என்பது வேறு பேச்சு. சிங்களவர்கள் ஐம்பதுகளிலேயே "எங்கள் மெட்டு எது?" என்ற கேள்வியைக் கேட்டுச் சண்டை போட்டிருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. எங்கள் பக்கத்தில் அந்தக் கேள்வி பாடுகிறவர்களிடம் எழவில்லை. எங்கள் காதில் நாகூர் ஹனிபா நிறைந்திருந்தார்.

ஹனிபாவைப் பற்றிச் சொல்லாமல் இஸ்லாமிய கீதம் பற்றிப் பேச முடியாது. 1925இல் பிறந்து 2015இல் மறைந்த அந்த மனிதரின் குரல், எங்கள் கலியாண வீடுகளின் குழாய் லவுட் ஸ்பீக்கரில் சுபஹு தொழுகை முடிந்ததிலிருந்து ஒலிக்கும். உயரத்தில் கணீரென்று நிற்கும் குரல். எங்கள் பையன்கள் எல்லாரும் அந்தச் சுருதியில் பாட ஆசைப்பட்டார்கள். அவர்களுக்காக நான் எழுதியபோது உயரத்தில் எந்த எழுத்து நிற்கும், எது நிற்காது என்பது பழக்கமாயிற்று. 'ஆ' ஓசை வாயைத் திறந்து கொடுக்கும். 'ஈ'யும் 'ஊ'வும் மேலே போனால் குரலை நெரிக்கும். மெட்டின் உச்சியில் 'ஆ'காரம் விழும் சொல்லை வைத்துவிட்டால் சாதாரணக் குரல்கூடத் தப்பித்துக்கொள்ளும்.

அரபுச் சொற்கள் இன்னொரு பள்ளிக்கூடம். இஸ்லாமியப் பாட்டு எழுதுகிறவனுக்கு அவை இல்லாமல் முடியாது. ஆனால் அவற்றின் நீட்டல் குறுக்கலில் நம் இஷ்டம் செல்லாது. 'மக்கா'வைப் பாருங்கள். 'மக்', 'கா', இரண்டும் சமமாக விழும். நாலு எண்ணிக்கைத் தாளத்தில் கால் மேல் கால் போட்டு உட்காரும். அதே இடத்தில் 'மதீனா'வை வைத்தால் ஐந்து மாத்திரை. 'ம' ஓடிப்போகும், 'தீ' நீளும், 'னா' நீளும். நாலுக்குள் அடைக்க 'தீ'யைக் குறுக்கினால் ஊரே முகம் சுளிக்கும். அது நபிகள் நாயகத்தின் நகரம். ஆகவே மதீனாவைப் பாட வேண்டுமென்றால் மெட்டையே கண்ட நடையில், ஐந்து ஐந்தாகப் போட்டுவிடுவேன். அல்லது 'ம'வைத் தாளம் விழுவதற்கு முன்பே எடுத்து, 'தீ'யில் தாளத்தைத் தொடுவேன். இரண்டாவது வழியில் பாட்டுக்கு ஒரு துள்ளல் வரும். 'அல்லாஹ்' என்ற சொல்லில் கடைசி 'ஹ்' மேல் நிற்க முடியாது. நீட்டல் முழுவதையும் 'லா'வில் கொடுத்து, 'ஹ்'ஐ மூச்சாக விட வேண்டும். அந்தச் சொல்லில் வரி முடிந்தால் அடுத்த வரிக்கு முன் சிறிது இடம் விட்டே ஆக வேண்டும். மெட்டமைப்பவர்கள் பலர் அந்த இடத்தை விடுவதில்லை.

எண்பதுகளில் கசெட் வந்தது. வளைகுடாவுக்குப் போனவர்கள் முதல் விடுமுறையிலேயே டேப் ரெக்கார்டர் கொண்டுவந்தார்கள். கடிதம் எழுதத் தெரியாதவர்களும், எழுத நேரமில்லாதவர்களும் கசெட்டில் பேசி அனுப்பினார்கள். எங்கள் தெருவில் அப்போது பதிவு செய்கிற பெட்டி வைத்திருந்த சிலரில் நானும் ஒருவன். சொந்தத்தில் ஒரு ராத்தா, புருஷன் பார்க்காத பிள்ளைக்குத் தான் பாடும் தாலாட்டைப் பதிந்து அனுப்ப வேண்டும் என்று வந்தார். பழைய தாலாட்டு மெட்டுத்தான். ஆனால் இடையில் 'தம்மாம்' என்ற ஊர்ப்பெயரைப் போட்டிருந்தார். அந்தச் சொல் மெட்டுக்குள் பொருந்தவில்லை. அவர் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. 'மாம்' என்பதில் மெட்டை இரண்டு சுரம் மேலே தூக்கி, பிறகு பழைய இடத்துக்கு இறக்கிக் கொண்டுவந்தார். அந்த ஏற்றம் அதற்கு முன் அந்தத் தாலாட்டில் இல்லாதது. புதுச் சொல் ஒன்று பழைய மெட்டில் புதுத் திருப்பம் ஒன்றைப் பிறப்பித்ததை நான் கண்ணெதிரே பார்த்தேன். நாட்டார் பாட்டு எப்படி வளர்ந்திருக்கும் என்று யாராவது கேட்டால் நான் சொல்லும் சாட்சி அந்த ராத்தாதான்.

அதே காலத்தில்தான் சினிமா மெட்டுக்கு எழுதித் தரச் சொல்லும் வழக்கமும் பெருகியது. புதுப் படம் வந்தால் இரண்டு வாரத்தில் அதே மெட்டில் மீலாத் பாட்டு வேண்டும். நான் நிறைய எழுதிக் கொடுத்திருக்கிறேன். அது நல்ல பயிற்சி. 'தன னான' என்று தத்தகாரத்தில் மெட்டை முணுமுணுத்து, எந்த 'தன'வில் நெடில், எந்த 'ன'வில் மெல்லினம் என்று பார்த்துப் பார்த்துச் சொல் வைத்தால் கை தேறும். ஆனால் அந்தப் பாட்டுகளில் ஒன்றுகூட இன்று எவர் வாயிலும் இல்லை. படப்பாட்டு மறந்தபோது அதுவும் மறந்தது. கேட்டவர்கள் நபியைப் பற்றிய சொல்லைக் கேட்கும்போதும் மனசுக்குள் கதாநாயகனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரவல் மெட்டு பழகுவதற்கு நல்லது, வைத்துக்கொள்வதற்கு ஆகாது என்பது என் முடிவு.

தொண்ணூறுகளில் இரண்டு மாற்றங்கள் ஒன்றாக வந்தன. யுத்தத்தால் வயலில் இரவு தங்க முடியாமல் போனது. பரணும் கவியும் சேர்ந்தே குறைந்தன. சூடடிக்கும் களவெட்டியில் பொலிப்பாட்டு ஏற்கெனவே உழவு மெஷினின் சத்தத்துக்குள் போயிருந்தது. இன்னொரு பக்கம், மார்க்கத்தில் வாத்தியம் கூடாது என்ற கருத்து எங்கள் ஊர்களில் வலுத்தது. பல மேடைகளில் ஹார்மோனியப் பெட்டி இறங்கியது. தஃப் மட்டும் போதும், சில இடங்களில் அதுவும் வேண்டாம் என்றார்கள். தொழில் செய்தவர்கள் பலருக்கு இது பெரிய இழப்பு. அவர்கள் வருத்தத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. எழுதுகிறவனுக்கு ஒரு புது நிர்ப்பந்தம் வந்தது: தாளத்தையும் சொல்லே தர வேண்டும். க, ட, த, ப என்ற வல்லின எழுத்துகள் எங்கே விழுகின்றனவோ அங்கே காது தாளத்தைக் கேட்கும். வரியின் முதல் எழுத்தும் நடு எழுத்தும் வல்லினமாக அமைந்தால் தபேலா இல்லாத குறை தெரியாது. நாலு பையன்கள் கீழே 'ம்' என்று சுருதி பிடிக்க, ஒருவன் மேலே பாடுவான். சொல் அவ்வளவு தெளிவாகக் கேட்ட காலம் வானொலியில்கூட இருந்ததில்லை.

சொல்லின் இந்த ஓசையை நான் கவிஞர்களிடமிருந்தும் எடுத்தேன். பெரிய நீலாவணையில் பிறந்த நீலாவணன் 1975இல் இளம் வயதிலேயே இறந்துவிட்டார். அவரைச் சுற்றி வளர்ந்த கல்முனைக் கவிஞர் கூட்டத்தில் எம்.ஏ. நுஃமானும் ஒருவர். இவர்கள் மரபுச் செய்யுளுக்குள்ளேயே நாம் பேசுகிற ஓசையைக் கொண்டுவந்தார்கள். வாய்விட்டுப் படித்தால் பக்கத்தில் ஒருவர் இருந்து பேசுவதுபோல இருக்கும். பாட்டு எழுதப் பழகுகிறவர்களிடம் நான் சினிமாப் பாட்டுப் புத்தகத்தைக் கொடுப்பதில்லை, இவர்களைக் கொடுக்கிறேன். இசையைத் தமிழில் ஆராய விரும்புகிறவர்களுக்குக் காரைதீவைக் காட்டுவேன். எங்கள் சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் இடையில் இருக்கிற அந்த ஊரில் பிறந்த சுவாமி விபுலாநந்தர்தான் பழந்தமிழ் யாழைத் தேடி 'யாழ் நூல்' எழுதி 1947இல் வெளியிட்டார்.

ஒரு சின்ன யோசனை எப்படிப் பாட்டாக வளர்கிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். மருதமுனைப் பாட்டை வைத்துச் சொல்கிறேன்.

மருதமுனை நெசவாளர் ஊர். கைத்தறி ஓசை தெருவுக்குக் கேட்ட காலத்தில் அங்கே ஒரு பாடசாலைக்குப் பாட்டு எழுதப் போனேன். அதிபர் நெசவின் பெருமையைச் சொல்ல வேண்டும் என்றார். பெருமை என்பதிலிருந்து மெட்டு வராது. தறிவீட்டில் போய் உட்கார்ந்தேன். மிதி இறங்கும் ஓசை, நூல் குறுக்கே ஓடும் ஓசை, பலகை வந்து அடிக்கும் ஓசை. மூன்று. திரும்பவும் மூன்று. திஸ்ர நடை எனக்காக ஓடிக்கொண்டிருந்தது. அந்த மூன்றின் மேல் வாயில் வந்த சொல்: 'நூலு ஓடுது.' நெடிலும் குறிலுமாக 'நூலு' மூன்று, 'ஓடு' மூன்று, பிறகு 'து.' இந்த 'து' நிற்கவில்லை. குறுகிய உகரத்தை நீட்டினால் அசிங்கமாக இருந்தது. 'ஓடுதே' என்று மாற்றினேன். 'தே'யில் ஆறு எண்ணிக்கை சுகமாக நின்றது. நாலு தறியடிக்கு ஒரு வரி. அடுத்த வரியைத் தேடவே இல்லை. 'நாளு ஓடுதே' என்று வந்துவிட்டது. நெசவாளியின் வாழ்க்கை முழுவதும் அந்த எதுகை இல்லாத மோனைக்குள் இருந்தது.

கையில் இருந்தது அவ்வளவுதான். இனி வளர்க்க வேண்டும். இந்த இடத்தில்தான் புதியவர்கள் அவசரப்பட்டு இரண்டாவது யோசனை ஒன்றைத் தேடுவார்கள். நான் தேடுவதில்லை. இருப்பதிலேயே ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவேன். முதல் வரி காந்தாரத்திலிருந்து ஸட்ஜத்துக்கு இறங்கி முடிந்தது. இரண்டாம் வரி அதே சொல்லளவு, அதே தாளம், ஆனால் முடிவில் பஞ்சமத்துக்கு ஏறி நின்றது. முதலாவது சொல்வதுபோல இருந்தது, இரண்டாவது கேட்பதுபோல. சரணத்தை அந்தப் பஞ்சமத்திலிருந்தே எடுத்தேன். தாளக்கட்டு மாறவில்லை, இடம் மட்டும் மாறியது. இரண்டாம் சரணத்தில் சுரத்தை மாற்றாமல், முதல் தறியடியைக் காலியாக விட்டு இரண்டாவதில் சொல்லைத் தொடங்கினேன். அந்தக் காலி இடத்தில் பிள்ளைகள் மேசையில் தட்டினார்கள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை, அவர்கள் வீட்டில் கேட்டுப் பழகிய அடி அது. பாட்டு முழுவதும் அந்த மூன்று அடியிலிருந்தே வந்தது. கேட்டவர்களில் எவருக்கும் சலிக்கவும் இல்லை.

எல்லாப் பாட்டும் இப்படி வளர்க்கத் தகுந்தவை இல்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் ஏறியபோது இலங்கையில் அதிக உயிர்களை இழந்தது எங்கள் அம்பாறை மாவட்டம். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருதுக் கரையோரம் தெருத் தெருவாகப் போனது. ஓராண்டு நினைவுக்கு ஒரு பாட்டுக் கேட்டார்கள். கூட்டத்துக்கான பாட்டுக்குப் பதில் அடிதான் முதலில் என்று இதுவரை சொன்னேன். அந்தப் பாட்டில் பல்லவியே வைக்கவில்லை. தன் பிள்ளையைக் கொடுத்த ஒருவரைத் திரும்பத் திரும்ப ஒரே வரியைச் சொல்ல வைக்க எனக்கு உரிமை இல்லை என்று நினைத்தேன். மூன்று சுரத்துக்குள், கவி இறங்கும் வழியில், தாளமின்றி ஒரே குரல். கடலைப் பற்றிய உவமை ஒன்றும் இல்லை. வீட்டில் இருந்தவற்றின் பெயர்கள் மட்டும்: அடுப்பு, பாய், குர்ஆன் ரைஹால், பள்ளிக்கூடப் பை. பாடி முடிந்ததும் துஆ ஓதினார்கள், எல்லாரும் கலைந்து போனார்கள். அதற்குப் பிறகு அதை நான் எவருக்கும் பாடக் கொடுக்கவில்லை.

இப்போது பையன்கள் போனிலேயே பாட்டைச் செய்து அனுப்புகிறார்கள். கீபோர்டின் உள்ளே தயாராக இருக்கும் தாளத்தைப் போட்டு, அதன் மேல் ஏதாவது பாடி, வாட்ஸ்அப்பில் வரும்: "காக்கா, இதுக்கு வரி போடுங்க." அவர்கள் காது என் காதைவிடக் கூர்மை, உலகத்து இசையெல்லாம் கேட்டிருக்கிறார்கள். நான் அவர்களிடம் கேட்பது ஒன்றுதான். தாளத்தை நிறுத்திவிட்டு அந்த மெட்டை வெறும் வாயால் பாடி அனுப்புங்கள் என்பேன். பெரும்பாலும் மெட்டு அங்கே இருக்காது. தாளம்தான் அதைத் தூக்கிக்கொண்டிருந்திருக்கும். வெறும் வாயிலும் நிற்கிற மெட்டென்றால் சொல் தானாக ஒட்டும். இன்னொன்றும் சொல்கிறேன்: மெட்டு வந்ததும் போனில் பதியுங்கள், ஆனால் சில நாள் அதைக் கேட்காதீர்கள். கேட்காமலே உங்களுக்கு எது நினைவில் நிற்கிறதோ அதுதான் யோசனை, மற்றதைக் கழித்துவிடலாம்.

என் கவலை வேறு ஒன்றில். பண்டிதர் வி.சீ. கந்தையா 1964இல் 'மட்டக்களப்புத் தமிழக'த்தில் எங்கள் பகுதியின் நாட்டுப் பாடல்களை எழுத்தில் கொண்டுவந்தார். நிந்தவூர் எஸ். முத்துமீரான் கிழக்கிலங்கை முஸ்லிம்களின் கவிகளையும் தாலாட்டுகளையும் ஊர் ஊராகத் திரட்டிப் புத்தகமாக்கினார். அவர்களுக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது. ஆனால் புத்தகத்தில் இருப்பது சொல். ஒரு கவி எந்த உயரத்தில் தொடங்கியது, எந்த எழுத்தில் நீண்டது, நிந்தவூரில் இறங்கிய மாதிரியே இறக்காமத்திலும் இறங்கியதா என்பதை அச்சில் கேட்க முடியாது. பாட்டுக் கட்டுகிறவனுக்கு வேண்டியது அதுதான். கவி படிக்கத் தெரிந்த கிழவிகளும் கிழவர்களும் எங்கள் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். வருஷத்துக்கு வருஷம் குறைகிறார்கள்.

ஆகவே இதை வாசிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் ஓர் உம்மம்மாவோ மூத்தவாப்பாவோ கவியோ தாலாட்டோ பொலிப்பாட்டோ தெரிந்தவராக இருந்தால், இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சாப்பிட்ட பிறகு பக்கத்தில் உட்காருங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போனில் பதியுங்கள். மறந்த இடத்தில் நீங்கள் எடுத்துக் கொடுக்க வேண்டாம். அவர் நிறுத்தினால் நிறுத்தட்டும். தொடக்கத்திலேயே அவர் ஊரையும், அதை யாரிடம் எங்கே கேட்டுப் பழகினார் என்பதையும் அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். பிறகு அந்தப் பதிவை இரண்டு இடத்தில் வையுங்கள்; ஒரு போனை மட்டும் நம்பாதீர்கள்.